வைக்கோலில் சிப்பிக் காளான்: ஈரம் கைக்குப் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது

முதல் தடவை பத்துப் படுக்கை (வைக்கோலும் காளான் விதையும் அடுக்கிக் கட்டிய பை) போட்டேன், எட்டில் பச்சைப் பூசணம். விதை சரியில்லை என்று விதை கொடுத்தவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வைக்கோலை எவ்வளவு நேரம் ஆற வைச்சீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் ஆற வைக்கவே இல்லை. வெந்நீரில் இருந்து எடுத்து, கொஞ்சம் வடியவிட்டு, சொட்டச் சொட்ட அப்படியே பையில் அமுக்கியிருந்தேன். அன்று தலையைக் குனிந்துகொண்டு வந்தவன், அதற்குப் பிறகு கெட்டுப்போன ஒவ்வொரு படுக்கைக்கும் காரணம் தேடியிருக்கிறேன். பத்தில் ஏழு எட்டு முறை விதையைத் தாண்டி, அறையைத் தாண்டி, வைக்கோலில்தான் வந்து நிற்கிறது. அதனால் இதில் வைக்கோலைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன், மற்றதெல்லாம் வேகமாகப் போகும்.

வீட்டுப் பின்கட்டிலோ மாடிக் கொட்டகையிலோ பத்து முதல் இருபது படுக்கை போடுகிறவர்களுக்கான அளவுகள் இவை. பண்ணை வைத்துத் தினமும் ஐம்பது கிலோ எடுக்க நினைக்கிறவர்களுக்குக் கணக்கே வேறு.

ஏன் வைக்கோல்?

வைக்கோலில் மாடும் நாமும் சாப்பிடக்கூடிய சர்க்கரை நிறைய இருக்கிறது, ஆனால் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற இரண்டு சர்க்கரைச் சங்கிலிகளைச் சுற்றி லிக்னின் என்ற பொருள் சிமென்ட் மாதிரிப் பூசி நிற்கிறது. பெரும்பாலான பூசணங்களால் அந்தச் சிமென்டை உடைக்க முடியாது. சிப்பிக் காளான் போன்ற வெள்ளை அழுகல் பூசணங்களால் முடியும். லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளை வெளியே கசியவிட்டு லிக்னினைச் சிதைத்து, உள்ளே இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். விவசாயக் கழிவை எத்தனாலாக்குவது, தீவனமாக்குவது என்று நடக்கும் ஆராய்ச்சிகளில் பாதி இந்தச் சிமென்டை எப்படி மலிவாக உடைப்பது என்பதைப் பற்றியதுதான். அமிலம், காரம், உயர் அழுத்த நீராவி என்று ஆய்வகங்கள் முயலும் வேலையை இந்தக் காளான் சத்தமில்லாமல் 27 டிகிரியில் செய்துவிடுகிறது, என்ன, கொஞ்சம் நாள் எடுக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. முதல் உலகப் போர்க் காலத்திலேயே, 1917-ல், ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் மரக்கட்டைகளில் சிப்பிக் காளானை வளர்த்துக் காட்டினார். நம் பக்கத்தில் நெல் வைக்கோலில் வளர்க்கலாம் என்று 1962-ல் செய்து காட்டியது மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். இன்றைக்கு ஊருக்கு ஊர் தொங்கும் பைகளுக்கெல்லாம் தாத்தா அதுதான்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் சொல்லும் எல்லாமே இதில் இருந்துதான் வருகிறது. பூட்டிய சர்க்கரையைக் காளானால் எடுக்க முடியும், பச்சைப் பூசணத்தால் அந்த வேகத்தில் முடியாது. ஆனால் பூட்டாத சர்க்கரை, அதாவது நீரில் கரைந்து கிடக்கும் சர்க்கரையும் மாவும் இருந்தால், பச்சைப் பூசணம் காளானை முந்திவிடும். ஆக நம் வேலை, இலவசமாகக் கிடக்கும் சாப்பாட்டை வெளியேற்றிவிட்டு, பூட்டிய சாப்பாட்டை மட்டும் காளானுக்கு வைப்பது.

வைக்கோல் தேர்வு

இந்தப் பருவத்து வைக்கோல், பொன் நிறம், முகர்ந்தால் காய்ந்த புல் வாசம். மக்கின வாடை அடித்தால் உரக்குழிக்குப் போடுங்கள். கருப்புப் புள்ளி, சாம்பல் தூசு, மழையில் நனைந்து காய்ந்த கட்டு எதுவும் வேண்டாம், வெந்நீர் இதைச் சரிசெய்யும் என்று நினைக்காதீர்கள். கை அறுவடை வைக்கோல் தண்டு முழுசாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். இயந்திர அறுவடை வைக்கோல் நசுங்கி, இலையும் தூசும் அதிகமாக வரும், சீக்கிரம் ஈரம் குடித்துக் கொழகொழவென்று ஆகும், ஆனாலும் உதறிச் சலித்துப் பயன்படுத்தலாம். கதிர் பால் பிடித்த பிறகு என்ன மருந்து அடித்தீர்கள் என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாம் சாப்பிடப்போகிற காளான் அதில்தான் வளரப்போகிறது.

மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். நீளமாக விட்டால் பைக்குள் இடைவெளி அதிகமாகி, விதையிலிருந்து பஞ்சு மாதிரிப் பரவும் காளான் இழை தாவ முடியாமல் நிற்கும்.

ஊறல், வேகல், ஆறல்

வெட்டியதைச் சாக்கில் கட்டி, மேலே கல் வைத்துத் தண்ணீரில் ஐந்து ஆறு மணி நேரம் அமுக்கி ஊறவையுங்கள். கல் வைக்காவிட்டால் மிதக்கும், மேல் பாதி ஊறாது. ஊறின தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். நான் சொன்ன பூட்டாத சாப்பாடு அதில்தான் கரைந்து போகிறது, எனவே அந்தத் தண்ணீரிலேயே அடுப்பைப் பற்றவைக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் மனசு வராது, தெரியும். வாழைக்கு ஊற்றுங்கள்.

அடுத்து, புதுத் தண்ணீரில் வேகவைப்பது. 80 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம். வெப்பமானி இல்லாதவர்கள் தண்ணீர் தளதளவெனக் கொதித்த பிறகு சாக்கை அதற்குள் இறக்கி, மறுபடி சூடேறியதிலிருந்து 45 நிமிடம் கணக்கு வைத்தால் போதும். சாக்கின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் எடுக்கும், அதனால் ஒரே மூட்டையாகத் திணிக்காமல் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டுங்கள்.

பிரஷர் குக்கரில் வைத்து முழுசாகக் கிருமி நீக்கினால் இன்னும் நல்லது அல்லவா என்று கேட்பார்கள். இல்லை. 80 டிகிரியில் தீங்கு செய்யும் பூசணங்கள் பெரும்பாலும் செத்துவிடும், ஆனால் சூடு தாங்கும் பாக்டீரியாக்கள் சில பிழைத்து, வைக்கோல் மேல் காவல் மாதிரி உட்கார்ந்திருக்கும். முழுசாகக் கொன்றுவிட்ட வைக்கோல் ஆளில்லாத வீடு, திறந்த அறையில் முதலில் வந்து விழும் பூசண வித்துக்கே அது சொந்தம். ஆய்வகம் போலச் சுத்தமான அறை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த முறை.

அடுப்பு வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்ணாம்பு முறை இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதற்கு மேல் போட்டாலும் கரையாது. தண்ணீரின் கார அளவு (pH) 12-க்கு மேல் போய்விடும், அதில் 16 முதல் 20 மணி நேரம் வைக்கோல் மூழ்கிக் கிடந்தால் போதும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துபோகும். வயலுக்குப் போடும் சுண்ணாம்புத் தூளை வாங்கிவந்து இதில் கலக்கிவிட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது கால்சியம் கார்பனேட், தண்ணீரை அந்த அளவுக்குக் காரமாக்காது.

கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியும் ஃபார்மலினும் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) கலந்த தண்ணீரில் ஊறவைக்கும் முறையும் பயிற்சிக் கையேடுகளில் இருக்கிறது, பெரிய பண்ணைகள் செய்கின்றன, எரிபொருள் மிச்சம். நான் செய்வதில்லை. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. வீட்டுப் பிள்ளைகள் ஓடியாடும் பின்கட்டில் அந்த வாளியை வைக்க எனக்கு மனசில்லை.

இப்போது ஆறல். இங்கேதான் நான் தோற்றேன். வடித்த வைக்கோலைச் சுத்தமான தார்ப்பாயிலோ சிமென்ட் தரையிலோ (டெட்டால் தண்ணீரால் துடைத்த தரை) நிழலில் மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது கிளறி ஆறவிடுங்கள். எவ்வளவு நேரம்? காற்றைப் பொறுத்தது, இரண்டு மணியும் ஆகும், ஐந்து மணியும் ஆகும், அதனால் மணிக்கணக்கு பார்க்காதீர்கள். எல்லோரும் சொல்லும் சோதனை, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக இருக்க வேண்டும். நல்ல சோதனைதான், ஆனால் புதியவர் கைக்கும் பழகிய கைக்கும் பிழியும் பலம் ஒன்றில்லையே. அதனால் தராசு வையுங்கள்.

காய்ந்த வைக்கோலில் எப்படியும் பத்து சதவீத ஈரம் இருக்கும், அதாவது ஒரு கிலோவில் 900 கிராம்தான் நிஜ வைக்கோல். நமக்கு வேண்டிய ஈரம் 65 சதவீதம். 900 கிராம் என்பது மொத்த எடையில் 35 பங்காக இருக்க வேண்டும் என்றால் மொத்தம் ஏறக்குறைய 2.6 கிலோ. ஊறும்போதும் வேகும்போதும் கொஞ்சம் கரைந்து போகும் என்றாலும் இந்தக் கணக்கு போதும். ஊறவைக்கும் முன் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ போட்டது இரண்டரைக்கும் இரண்டே முக்காலுக்கும் நடுவில் வந்ததும் பைக்குப் போகலாம். மூன்று கிலோ காட்டினால் 70 சதவீதம், இன்னும் கொஞ்சம் ஆறட்டும். இரண்டேகாலுக்கு இறங்கிவிட்டால் காய்ந்துவிட்டது, கொதித்து ஆறிய தண்ணீர் தெளித்துப் பிசறிவிடுங்கள். நாலைந்து தடவை தராசு வைத்தபின் கையே சொல்லும், தராசு பரணுக்குப் போய்விடும்.

ஈரம் அதிகமானால் என்னதான் ஆகும்? வைக்கோல் துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். காளான் இழைக்கு மூச்சு வேண்டும், காற்று இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்களுக்கு வேண்டாம். பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கி, புளித்த நாற்றம் அடித்தால் அதுதான் நடந்திருக்கிறது.

தவிடு சேர்க்கலாமா

எல்லோரும் கேட்கும் கேள்வி. தவிடு சேர்த்தால் தழைச்சத்து கூடும், விளைச்சலும் கூடும், உண்மை. பூட்டாத சாப்பாடும் கூடும், அதுவும் உண்மை. புதியவர்கள் வேண்டாம். தழைச்சத்து குறைந்த இடத்தில் வாழப் பழகிய பூசணம் இது, மக்கும் மரத்தில் வளரும்போது அந்தக் குறையை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? நூற்புழுக்களைப் பிடித்துத் தின்கிறது! இழைகளில் சின்னச் சின்னப் பல்பு மாதிரி வைத்திருக்கும், புழு அதில் மோதினால் பல்பு உடைந்து புழுவுக்குப் பக்கவாதம் வந்துவிடும். அந்தப் பல்புக்குள் இருப்பது 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருள் என்று தைவான் ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் கண்டுபிடித்தார்கள். சைவம் என்று நம்பி நாம் சாப்பிடுவது ஒரு அசைவப் பிராணி, இதை என் மாமியாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

விதையும் பையும்

விதை பெரும்பாலும் வேகவைத்த சோளத்தில் வளர்த்திருப்பார்கள். தானியம் முழுக்க வெள்ளை இழை படர்ந்து, தட்டினால் உதிர வேண்டும். தயாரித்து 15 முதல் 20 நாள் ஆனது நல்லது. கட்டியாக இறுகி, மஞ்சள் தண்ணீர் விட்டிருந்தால் வயதாகிவிட்டது. பச்சையோ கருப்போ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பொட்டலம் முழுவதும் வேண்டாம், நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்ற சிக்கனம் ஆகவே ஆகாது. ரோஸ் நிறக் காளான் விதையாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் தாங்காது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளை, சாம்பல், ரோஸ் என்று பல ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. முதல் தடவை வெள்ளை சிப்பி போடுங்கள்.

பை 60-க்கு 30 சென்டிமீட்டர், 80 கேஜ் பாலித்தீன். நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் துளை. அடியை நூலால் கட்டி உள்பக்கம் திருப்பினால் உருளை வடிவத்தில் நிற்கும். அஞ்சு சென்டிமீட்டர் வைக்கோல், ஓரமாக ஒரு பிடி விதை, மறுபடி வைக்கோல், மறுபடி விதை, இப்படி ஐந்து அடுக்கு. கடைசி மேல் அடுக்கு வைக்கோல். 250 கிராம் பொட்டலம் ஒன்று இரண்டு படுக்கைக்கு. விதையை நடுவில் கொட்டாமல் ஓரத்தில் போடுவதற்குக் காரணம், இழை வளர்வதை நீங்கள் வெளியில் இருந்து பார்க்க முடியும், ஓரத்தில்தான் காற்றும் இருக்கும். கையால் மெதுவாக அமுக்குங்கள், குத்துக்கட்டையால் இடிக்க வேண்டாம். இந்த வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

இருபது நாள் பொறுமை

25 முதல் 28 டிகிரி, வெளிச்சம் தேவையில்லை, தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. இழை வளரும்போது படுக்கை தானே சூடாகும், அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும், அதனால் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காமல் ஒரு கை இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். மூன்றாம் நாள் விதையைச் சுற்றிப் பஞ்சு மாதிரி தெரியும். 15 முதல் 20 நாளில் படுக்கை முழுக்க வெள்ளையாகிவிடும். நடுவில் பச்சைத் திட்டு வந்தால் அந்தப் படுக்கையை அறைக்குள் பிரிக்காதீர்கள், அப்படியே தூக்கிப்போய் வெளியே தள்ளிப் புதையுங்கள், பிரித்தால் ஒரு கோடி வித்துக்களை மற்ற படுக்கைகளுக்குப் பரிமாறினதாக ஆகும்.

முழுக்க வெளுத்ததும் பையைக் கிழித்து எடுக்கலாம், அல்லது நான்கைந்து இடத்தில் கீறல் மட்டும் போடலாம். நம் ஊர் வெப்பத்துக்குக் கீறல்தான் நல்லது என்பது என் கட்சி, ஈரம் நிற்கும். இனிமேல்தான் தண்ணீர். சணல் சாக்கு தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பி, அறையின் காற்றை ஈரமாக்குங்கள். 80 முதல் 85 சதவீதம் வேண்டும். மொட்டு மேல் நேராகப் பீய்ச்சி அடிக்காதீர்கள், மஞ்சளாகி அழுகும்.

கூடவே காற்றும் வெளிச்சமும். செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் போதும். காற்றோட்டம் போதவில்லை என்றால் காளானே சொல்லிவிடும், காம்பு நீண்டு, குடை பொத்தான் அளவில் நிற்கும். கரியமில வாயு தேங்கியிருக்கிறது என்று அர்த்தம், காலையும் மாலையும் ஜன்னலைத் திறவுங்கள். குடை சின்னதாகி ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை.

புரட்டாசியில் இருந்து மாசி வரை இதெல்லாம் சுலபம். சித்திரை, வைகாசி வெயிலில் சிப்பியோடு மல்லுக்கட்டாமல் பால் காளானுக்கு மாறிவிடுங்கள், அது 30 டிகிரிக்கு மேல் சுகமாக வளரும், அருப்புக்கோட்டையில் இருந்து வந்த ஏபிகே 2 ரகம் பிரபலம். அதற்கு மேல்மண் இட வேண்டும், அது தனிக் கதை.

பறிப்பதும் பிறகும்

குடையின் ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கும்போதே, தண்ணீர் தெளிக்கும் முன் பறியுங்கள். ஓரம் விரிந்து மேல்நோக்கி வளைந்தால் வித்துக்களைக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. காலையில் அறைக்குள் மெல்லிய புகை மாதிரி நிற்கும், அதுதான். தொடர்ந்து சுவாசித்தால் இருமல், காய்ச்சல், நுரையீரல் ஒவ்வாமை வரை போகும், காளான் பண்ணைத் தொழிலாளர்களிடம் இது மருத்துவர்கள் நன்றாக அறிந்த நோய். முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

முதல் அறுவடைக்குப் பிறகு காம்பு மிச்சங்களைச் சுரண்டி எடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மூன்றோடு நிறுத்துங்கள். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு மொத்தம் 600 முதல் 800 கிராம் எடுத்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

காளானில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கிக் கட்டிய கவரில் வைத்தால் வேர்த்து வழவழத்துவிடும். கழுவாமல், காகிதத்தில் சுற்றி, துளையிட்ட கவரில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். பச்சையாகச் சாப்பிடாதீர்கள், இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடிய புரதம் ஒன்று இதில் உண்டு, வேகவைத்தால் செயலிழந்துவிடும்.

சமைக்கும் முன் இன்னொன்று செய்யலாம், காசு செலவில்லாதது. காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது, புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். நறுக்கி, குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் வையுங்கள். 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 100 கிராமில் 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ உருவாகலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 15 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் பயனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். விற்காமல் மிஞ்சியதை அப்படியே காயவிட்டு, மொறுமொறுவென்று ஒடியும் பதத்தில் டப்பாவில் அடைக்கலாம். பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும், ஆனால் அந்தப் பொடி ஒரு ஸ்பூன் ரசத்தில் விழுந்தால் வேறு ருசி.

மூன்று அறுவடை முடிந்த படுக்கையில் லிக்னின் பாதி உடைந்துபோன வைக்கோல் மிச்சம். மண்புழுத் தொட்டிக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. பூசணம் தாக்காத, வெள்ளையாகவே இருக்கும் படுக்கை என்றால் மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கிறவர்களும் உண்டு, பச்சையோ கருப்போ தெரிந்தால் கொடுக்கவே கூடாது. நான் தென்னை மரத்தடியில் மூடாக்காகப் போட்டுவிடுகிறேன். நல்ல மழைக்கு மறுநாள் அதில் குடை குடையாகக் காளான் எழும்பும், அக்கம்பக்கத்தில் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். நான் கொடுப்பதில்லை. வெளியில் கிடக்கும் வைக்கோலில் முளைத்தது நான் போட்ட விதையா, காற்றில் வந்த வேறு ஏதாவதா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது.